திருத்தம் ஏறும் வரை

பிப்ரவரி 11

வாயாடிக்கு,

சித்தப்பா எழுதுவது. நலமாக இருக்கிறேன். அதாவது மூச்சு வருகிறது, பசிக்கிறது, முழங்கால் வலிக்கிறது. இத்தனை நாள் இதைத்தான் நலம் என்று நினைத்திருந்தேன். போன வாரம் முதல் அரசாங்கத்துக்கு அதில் உடன்பாடில்லை. நான் இறந்துவிட்டேனாம்.

திடீரென்று போன் வேலை செய்யவில்லை. கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள். "சார், இந்த நம்பர்காரர் தவறிட்டாருன்னு வருது." "அந்த நம்பர்காரர் நான்தாம்மா" என்றேன். "ரொம்ப வருத்தமா இருக்கு சார்" என்றாள். யாருக்காக வருத்தப்பட்டாள் என்று தெரியவில்லை.

பதிவு அலுவலகக் கவுண்டரில் விசாரித்தேன். பழைய குடும்பப் பதிவுகளைப் புது இயந்திரத்துக்கு மாற்றினார்களாம். எங்கள் வீட்டுப் பதிவில் ஒரு இறப்பு இருந்தது. நாலு வருடம் முன்பு உன் சித்தி போனது. இயந்திரம் அதை எடுத்துக் குடும்பத் தலைவர் பெயரில் போட்டுவிட்டது. கவுண்டர் அம்மா நல்லவிதமாகத்தான் சொன்னார்: "நீங்க மனு குடுக்க முடியாது சார், நீங்கதான் இல்லையே. உங்க வீட்டம்மா இருக்காங்க, அவங்களைக் கூட்டிட்டு வாங்க." சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நீ அதே இலாகாவின் தலைமை அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருக்கிறாய். கொஞ்சம் பார். எனக்கு ஒன்றும் அவசரமில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன், லைசென்ஸ் வாங்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் போனில் பேசலாம். பேசினால் நான் செத்த செய்தி தெரு முழுக்கப் போய்விடும். அதனால்தான் கடிதம்.

அண்ணனுக்கு ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையை மறக்காமல் போடச் சொல்.

மறைந்த உன் சித்தப்பா

---

பிப்ரவரி 19

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்பதற்கு முன் இருக்கிறீர்களா என்று கேட்க வேண்டிய நிலைமை. அப்பா உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துச் சிரித்து அவருடைய ரத்த அழுத்தம்தான் ஏறியது.

உங்கள் பதிவைத் தேடி எடுத்தேன். நீங்கள் சொன்னதேதான். வீட்டம்மா வர இயலாத நிலையில் ரத்த உறவினர் மனு கொடுக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அப்பாவிடம் கையெழுத்து வாங்கிப் போட்டுவிட்டேன். எங்கள் வேலை எல்லாம் பேட்ச் வேலை. தனித்தனியாகச் செய்யமாட்டோம். மாதம் முழுவதும் வரும் மனுக்களைச் சேர்த்துவைத்து, கடைசி சனிக்கிழமை இரவு இயந்திரத்தில் மொத்தமாக ஓட்டுவோம். ஞாயிறு காலையில் நீங்கள் எழுந்து பல் விளக்குவதற்குள் உயிரோடு இருப்பீர்கள்.

இருக்கட்டும், காலம் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்து மேலும் கீழும் போய்வந்த மனிதருக்கு அறுபத்தொரு வயதில் முன்னாலும் பின்னாலும் போகிற ஆசை எங்கிருந்து வந்தது?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கில் வராவிட்டாலும் அது உங்கள் உடம்புதான்.

அன்பு மகள்,
வாயாடி

---

மார்ச் 9

வாயாடிக்கு,

ஆசிகள். வீட்டில் எல்லோரும் நலம்தானே? நான் இன்னும் செத்துதான் இருக்கிறேன்.

ஞாயிறு காலையில் பல் விளக்கிவிட்டுப் போனை எடுத்தேன். இல்லை. திங்கட்கிழமை கடைக்குப் போனேன். அதே பெண், அதே வருத்தம். கவுண்டரில் கேட்டால், திருத்தம் ஏறியதற்குப் பதிவு இருக்கிறதாம். ஆனாலும் நான் இல்லையாம்.

டிரைவிங் டீச்சரிடம் சொன்னேன். "செத்தவர் ஓட்டற வண்டில நான் பக்கத்துல உக்காந்திருக்கேன், என் தைரியத்தைப் பாருங்க" என்கிறார். அந்த அம்மாவுக்கு வாய் கொஞ்சம் அதிகம், உன்னை மாதிரி. ஆனால் சொல்லிக்கொடுப்பதில் கெட்டிக்காரர். நான் கிளச்சை லிஃப்ட் பிரேக் மாதிரி அழுத்துகிறேனாம். டீச்சர் தன் பக்கத்தில் இருக்கும் பிரேக்கை மிதித்துவிட்டு ஒன்றுமே நடக்காதது போல ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். தண்ணீர் பாட்டில் எப்போதும் இரண்டு கொண்டுவருவார். டீச்சர் கணவர் இறந்து பத்து வருடமாகிறதாம்.

லைசென்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் சீக்கிரம் பார். அவசரமில்லை.

இறந்தும் கிளச்சை விடாத,
சித்தப்பா

---

மார்ச் 20

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நாங்கள் நலம். முழங்காலுக்குத் தைலம் தடவுகிறீர்களா?

காரணத்தைப் பிடித்துவிட்டேன். சனிக்கிழமை இரவு இரண்டு வேலைகள் ஓடுகின்றன. ஒன்று இறப்புப் பேட்ச். புது இயந்திரத்துக்கு மாற்றும் பணி இன்னும் முடியாததால், அது பழைய இறப்புப் பட்டியல் முழுவதையும் மாதாமாதம் மறுபடி எழுதுகிறது. இன்னொன்று திருத்தப் பேட்ச். இரண்டையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடுகிறார்கள். திருத்தம் சின்ன வேலை, சட்டென்று முடிந்துவிடும். இறப்பு பெரிய வேலை, ஆடி அசைந்து வரும். திருத்தம் உங்களை எழுப்பி உட்கார வைத்துவிட்டுப் போகிறது. பின்னாலேயே பழைய பட்டியல் வந்து மறுபடி படுக்க வைத்துவிடுகிறது. அன்று இரவு கொஞ்ச நேரம் நீங்கள் உயிரோடு இருந்தீர்கள் சித்தப்பா, தூங்கிவிட்டீர்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். திருத்தப் பேட்சைச் சற்றுத் தாமதமாகக் கிளப்ப வேண்டும். நடுவில் ஒரு காத்திருப்பு. லிஃப்ட்டில் ஆள் ஏறும்வரை கதவு திறந்தே நிற்க நீங்கள் நேரம் வைப்பீர்களே, அதுபோல.

இதைக் கேட்டதும் எங்கள் பிரிவுத் தலைவர் முகம் சுண்டிவிட்டது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அவசரம்'. "இயந்திரம் வாங்கினது வேகமா ஓட்டறதுக்கும்மா. சும்மா நிறுத்திவெக்கறதுக்கா?" திங்கட்கிழமை கவுண்டர் திறக்குமுன் எல்லாம் முடிந்து, அறிக்கை அச்சாகி, சரிபார்த்து மேசையில் இருக்க வேண்டும். அதுதான் அவர் பெருமை. கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குச் சம்மதித்தார்.

இப்போது என் முறை. உங்கள் கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. அதில் டீச்சர் பேச்சுதான் பாதிக்கு மேல். வண்டியைப் பற்றி இருப்பது கிளச் மட்டும். உண்மையைச் சொல்லுங்கள்.

வாயாடி

---

ஏப்ரல் 14

வாயாடிக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் அடுத்த பத்தியில். முதலில் செய்தி. மறுபடி செத்தேன். உன் தலைவரின் டீ போதவில்லை.

இப்போது விசாரிப்பு. அண்ணன் நலமா? நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? நல்லது.

உண்மையைக் கேட்டாய். சொல்கிறேன், சிரிக்காதே. நான் டீச்சரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன். போன மாதம் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். டீச்சர் இன்ஜினை அணைத்தார். பிறகு சொன்னார்: "டிசம்பர்ல டிரைவிங் ஸ்கூலை மூடிட்டு என் மகன்கிட்டப் போறதா இருக்கேன். டிக்கெட் இன்னும் எடுக்கல. நீங்க முதல்ல உயிரோட இருக்கறவரா வாங்க. அப்புறம் பேசலாம்." அதற்குள் ஆள் உயிரோடு வந்துவிட்டால் டிக்கெட் எடுக்கமாட்டாராம்.

செத்தவனுக்குப் பதிவுக் கல்யாணம் கிடையாது. அதனால்தான் அவசரம். அவசரமில்லை என்று எழுதியதெல்லாம் பொய்.

அண்ணனிடம் நீயே பக்குவமாகச் சொல். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சித்தப்பா

---

ஜூன் 3

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சுகமா? பதில் தாமதத்துக்குக் கோபம் வேண்டாம். கையில் ஏதாவது கிடைத்த பிறகுதான் எழுதுவது என்று பிடிவாதமாக இருந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் காலையில், "தம்பி தனியா இருக்கானேன்னு எனக்குத் தூக்கம் வராம இருந்தது உனக்குத் தெரியுமா?" என்றார். அவ்வளவுதான், சம்மதம்.

பேட்ச் விஷயம். நான் ஐந்து முறை எழுதிக் கொடுத்தேன், ஐந்து முறையும் அவசரம் திருப்பி அனுப்பினார். தாளில் பேசிப் பயனில்லை என்று, ஒரு திங்கட்கிழமை அவரைக் கையோடு கீழே கவுண்டருக்குக் கூட்டிப்போனேன். வரிசையில் நின்றவர்களில் பலர் உங்கள் கட்சிதான். ஒரு பேக்கரிக்காரர். கைக்குழந்தையோடு ஒரு பெண். குழந்தையின் பிறப்பைப் பதியமுடியவில்லை, ஏனென்றால் தாய் இறந்தவள். கவுண்டர் அக்காவுக்கு எல்லோர் முகமும் தெரிகிறது. "வாங்க, இந்த மாசமும் ஆகலியா?" என்கிறார். பேக்கரிக்காரர் அவசரத்திடம் நேராகவே கேட்டார்: "சார், நீங்கதான் என்னை மாசாமாசம் சாவடிக்கறவரா?"

மாடி ஏறும்போது அவசரம் கேட்டார்: "எவ்வளவு நேரம் வேணும்?" இறப்புப் பேட்ச் எவ்வளவு இழுத்தாலும் முடிந்துவிடும் அளவுக்கு வேண்டும், அதற்கும் மேலே கொஞ்சம் சேர்த்து வேண்டும், ஞாயிறு மதியம் கிளப்பினால்தான் சரி என்றேன். "அப்ப அறிக்கை திங்கட்கிழமை காலைலதான் அச்சாகும். கவுண்டர் திறக்கத் தாமதமாச்சுன்னா?" "பொறுப்பு என்னுது சார்." "எழுதிக் குடுங்க" என்றார். கொடுத்துவிட்டேன்.

இந்த மாதக் கடைசியில் ஓடும். எழுந்து உட்காருங்கள், இந்த முறை யாரும் படுக்க வைக்க மாட்டார்கள்.

இன்னொன்று. நீங்கள் எழுந்தால் மட்டும் போதாது. பதிவில் சித்தி இன்னும் உயிரோடு இருக்கிறார். அது அப்படியே இருந்தால் கல்யாணம் பதியமாட்டார்கள். அதற்குத் தனித் திருத்தம், கணவர் கையெழுத்து வேண்டும். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

வாயாடி

---

ஜூலை 6

வாயாடிக்கு,

எல்லோருக்கும் ஆசிகள்.

உயிரோடு இருக்கிறேன்! போன் வந்துவிட்டது. அந்தக் கடைப் பெண் கைதட்டினாள். "கங்கிராட்ஸ் சார்" என்றாள். பிறந்த குழந்தைக்குச் சொல்வது மாதிரி இருந்தது. லைசென்ஸும் வாங்கிவிட்டேன். ரிவர்ஸில் மட்டும் ஒரு குப்பைத் தொட்டியை லேசாகத் தொட்டேன். பரிசோதகர் பார்க்கவில்லை, டீச்சர் பார்த்துவிட்டார்.

உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுதத் தெரியவில்லை. இனி போனில் பேசலாம். ஆனாலும் எழுதவே தோன்றுகிறது, பழகிவிட்டது.

இங்கே மழை. ஒரு குடியிருப்பில் ஏழாவது மாடியில் லிஃப்ட் கதவு நடுநடுவே சிக்குகிறது. நாளை போய்ப் பார்க்க வேண்டும்.

உயிருள்ள,
சித்தப்பா

---

ஜூலை 22

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சுகம்தானே? உங்கள் கடிதத்தைப் படித்து அப்பா அழுதார். நான் அழவில்லை, கண்ணில் தூசி.

பேக்கரிக்காரரும் எழுந்துவிட்டார். பெரிய ரொட்டி ஒன்று கொண்டுவந்து கவுண்டர் அக்காவிடம் கொடுத்தாராம். குழந்தையின் பிறப்பும் பதிவாகிவிட்டது.

எனக்கு இங்கே வேறு இடம் கொடுத்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில், குளுகுளுவென்று இருக்கிறது, சத்தமே இல்லை. படிக்க நிறைய நேரம் கிடைக்கிறது.

அந்தத் தாள் வந்ததா?

வாயாடி

---

ஆகஸ்ட் 25

வாயாடிக்கு,

நலம், நலமறிய ஆவல். மழை விட்டபாடில்லை. ஏழாவது மாடி லிஃப்ட் சரியாகிவிட்டது, இப்போது மூன்றாவது மாடியில் சிக்குகிறது. நான்காவது கியர் போடப் பழகிவிட்டேன். டீச்சர் சளி பிடித்துப் படுத்திருந்தார், இப்போது தேவலை. சுக்கான் பக்கம் டயர் தேய்ந்திருக்கிறது என்று மெக்கானிக் சொன்னான். கார்களுக்குச் சுக்கான் என்று சொன்னால் டீச்சர் சிரிக்கிறார், ஸ்டீயரிங் என்றே சொல்ல வேண்டுமாம்.

தாள் வந்தது.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். கணினி தெரிந்தவளுக்குக் கீழ்த்தளத்தில் என்ன வேலை? உன் கடிதத்தில் பழைய காகித வாசனை அடித்தது. ஆவண அறையில் உட்கார வைத்திருக்கிறார்களா? மறைக்காமல் எழுது.

சித்தப்பா

---

அக்டோபர் 4

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்களிடம் எதையும் மறைக்க முடியவில்லை. ஆமாம், ஆவண அறைதான்.

காத்திருப்பு வைத்த முதல் மாதமே, அறிக்கை அச்சாகிச் சரிபார்த்து முடிய நேரமாகிவிட்டது. கவுண்டர் திறக்கும்போது வரிசை தெருமுனை வரை போயிருந்தது. ஒருவர் கதவை உதைத்தார். மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. நான் எழுதிக் கொடுத்த தாள் தயாராக இருந்தது. என்னை பேட்ச் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வருத்தம் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று கேளுங்கள். என்னை எடுத்தார்களே தவிர, நான் வைத்த காத்திருப்பை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது அவசரம் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாராம். "கவுண்டரை ஒரு மணி நேரம் தள்ளித் திறங்க, ஜனங்களுக்கு முன்னாடியே சொல்லிடுங்க" என்று எழுதினாராம். மாதாமாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் இரண்டாம் முறை சாகவில்லை. திரும்ப இடம் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். மறுத்தால் மறுபடி போடுவேன்.

தாளைப் பற்றி இனி நான் கேட்கமாட்டேன். அது ஏன் உங்கள் மேசையிலேயே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். டிசம்பர் நெருங்குகிறது என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கிறேன்.

டீச்சரை நான் என்னவென்று கூப்பிடுவது? அதையும் கேட்டு எழுதுங்கள்.

வாயாடி

---

டிசம்பர் 1

அன்புள்ள மகளுக்கு,

நீயும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம். இந்த முறை நிஜமாகவே.

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. பேனாவை எடுப்பேன், அந்தத் தாள் கண்ணில் படும், பேனாவை வைத்துவிடுவேன். 'மேற்படி நபர் இறந்துவிட்டார் என உறுதி கூறுகிறேன்' என்று அதில் ஒரு வரி. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். என்னைச் சாகடித்தபோது யாரும் என் கையெழுத்தைக் கேட்கவில்லை. உன் சித்திக்கு மட்டும் நான் போட வேண்டியிருந்தது. அவள் போன அன்று நான் வேறொரு கட்டடத்தில் லிஃப்ட்டின் கூரைமேல் நின்றிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இந்தக் கவுண்டர்க்காரர்கள், "உங்க வீட்டம்மா இருக்காங்க" என்றதிலிருந்து, முட்டாள்தனம்தான், எங்கேயோ ஒரு இடத்திலாவது இருக்கிறாளே என்றிருந்தது.

டீச்சரிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "போடும்போது சொல்லுங்க, நானும் கூட வர்றேன்" என்றார். போன புதன்கிழமை நான் வண்டி ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார, கவுண்டருக்குப் போனோம். வழியெல்லாம் அவர் ஒரு தடவைகூட பிரேக்கைத் தொடவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

கவுண்டர் அம்மா வாங்கிவைத்துக்கொண்டு, "இது இன்னிக்கே ஏறாது சார். சனிக்கிழமை மத்ததெல்லாம் ஓடி முடியணும். ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான் திருத்தம் ஏறும். நடுவுல காத்திருப்பு வெச்சிருக்காங்க" என்றார். யார் வைத்தது என்று எனக்குத் தெரியாதா?

ஆக, புதனிலிருந்து ஞாயிறு மதியம் வரை. கணக்குப்படி நானும் உயிரோடு, அவளும் உயிரோடு. லிஃப்ட் வேலைக்குப் போகவில்லை. வீட்டைத் துடைத்தேன். அவளுடைய டீ டம்ளரை எடுத்துக் கழுவி என் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். அன்றைக்குப் பேசாததை எல்லாம் பேசினேன். வராததற்கு மன்னிப்புக் கேட்டேன். டீச்சரைப் பற்றியும் சொன்னேன். அவள் இருந்திருந்தால், 'உங்களுக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தாங்களா, பொறுமைசாலிதான்' என்றிருப்பாள். அந்த நாட்கள் நீ எனக்குக் கொடுத்தவை, வாயாடி. அதற்காகத்தான் நீ கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கிறாய். உன் மனுவை விடாதே. தேவையானால் நான் வந்து வரிசையில் நிற்கிறேன், பேக்கரிக்காரரையும் கூட்டிக்கொண்டு.

ஞாயிறு மதியம் போனில் செய்தி வந்தது. படித்தேன். அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு ஓட்டிப் போனேன். ஸ்கூலை மூடுவதில்லையாம். டிக்கெட் எடுக்கவில்லையாம்.

நீ கேட்டதைக் கேட்டேன். "சித்தின்னு கூப்பிட ஏற்கெனவே ஒருத்தங்க இருக்காங்கல்ல. என்னை டீச்சர்னே கூப்பிடட்டும்" என்றார்.

இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி பதிவு. சாட்சிக் கையெழுத்து உன்னுடையதுதான். அண்ணனையும் கூட்டிக்கொண்டு வா. ஸ்டேஷனுக்கு நானே வண்டி கொண்டுவருகிறேன். ரயில் தாமதமானாலும் பரவாயில்லை, நாங்கள் காத்திருப்போம்.

உன் சித்தப்பா